யார் கையில் விட்டுப் போனார்கள்?

ராக் இசை ரசிகர்களிடையே '27 சங்கம்' என்றொரு பேச்சு உண்டு. பிரையன் ஜோன்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன் ஆகிய நால்வரும் 1969 ஜூலைக்கும் 1971 ஜூலைக்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில், அவரவர் 27ஆம் வயதில் இறந்தார்கள். 1994இல் கர்ட் கோபேனும் 2011இல் ஏமி வைன்ஹவுஸும் அதே வயதில் போனதும் அந்தப் பேச்சு ஏறக்குறைய ஒரு சாபக் கதையாகவே ஆகிவிட்டது. 2011 இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. 27 என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை. ஆனால் புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் மற்றவர்களைவிட அதிகமாகச் சாகிறார்கள் என்பது உண்மைதான் என்று அது சொன்னது.

இந்தப் பட்டியலை யாராவது ஒப்பிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906 ஆகஸ்ட் 25இல் பிறந்து 1933 டிசம்பர் 2இல் மறைந்தவர். வயது 27. சங்கத்தில் சேர எல்லாத் தகுதியும் உள்ளவர். ஆனால் ஹென்ட்ரிக்ஸின் பாட்டைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று இன்றும் தேடிக் கேட்கிறது. கிட்டப்பாவின் குரலை, பெயரை அறிந்தவர்களில்கூட எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

இளமையில் இறந்தவர்கள் அமரர்களாகிவிடுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மரணம் யாரையும் அமரராக்குவதில்லை. நீண்ட காலம் வாழும் கலைஞர் தன் இசைக்குத் தானே காவலாக இருக்கிறார். சீடர்களைத் தயார் செய்கிறார், தவறான பாடத்தைத் திருத்துகிறார், மறுபடியும் பதிவு செய்கிறார். பாதியில் போகிறவர் எல்லாவற்றையும் பிறர் கையில் விட்டுப் போகிறார். அந்தக் கை ஒரு சீடருடையதாக இருக்கலாம், ஒரு மனைவியுடையதாக இருக்கலாம், ஓர் இசைத்தட்டுக் கம்பெனியாகவும் இருக்கலாம். எந்தக் கை என்பதைப் பொறுத்து மிஞ்சுவது மாறுகிறது. நம் இசை வரலாற்றிலிருந்து சிலரை அருகருகே வைத்துப் பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும்.

முதலில் கும்பகோணம் சரப சாஸ்திரி. 1872இல் பிறந்து 1904இல் மறைந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே பார்வையை இழந்தவர். கண்ணன் கையில் இருப்பதாலேயே புல்லாங்குழலுக்கு நம்மிடம் புனிதம் உண்டு. ஆனால் கச்சேரி மேடையின் நடுவில் அமர்ந்து, பக்கவாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டு, வாய்ப்பாட்டுக்காரருக்குச் சமமாகக் கீர்த்தனைகளை வாசிக்கும் வாத்தியமாக அதை நிலைநிறுத்தியவர் என்று சொல்லப்படுபவர் இவர்தான். காதால் கேட்டு, விரலால் தேடி, துளைகளுக்குள் கர்நாடக ராகங்களை வரவழைத்த வேலை அது.

அவர் ஊதியதில் ஒரு நொடிகூட இன்று இல்லை. 1902இல்தான் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர்கள் கல்கத்தாவில் வந்து இறங்கி, கௌஹர் ஜான் போன்றவர்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அந்த இயந்திரம் கும்பகோணத்தை நெருங்குவதற்குள் சாஸ்திரி போய்விட்டார். ஆனால் பல்லடம் சஞ்சீவ ராவ் என்ற சீடரை விட்டுப் போனார். குரு இறக்கும்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சஞ்சீவ ராவ் 1962 வரை வாழ்ந்தார். 1943இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி ஆனார். குழல் கச்சேரி வாத்தியமாகவே இருக்கும் என்பதை அந்த அரை நூற்றாண்டு உழைப்பு உறுதி செய்தது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1933இல், ஏழு வயதில், டி.ஆர். மகாலிங்கம் என்ற மாலி மேடை ஏறினார். விரல் வைக்கும் முறையையும் உதட்டு ஊதலையும் மாற்றி, குழலில் குரலின் கமகங்களைக் கொண்டுவந்தார். சில பத்தாண்டுகளில் சரப சாஸ்திரியின் பாணி மேடையை விட்டே விலகிப்போனது. பின்வந்தவர்கள் பெரும்பாலும் மாலியின் வழியில் போனார்கள். சாஸ்திரியின் நாதம் போய்விட்டது, பாணியும் போய்விட்டது. மிஞ்சியது அவர் பிடித்துக்கொடுத்த இடம் மட்டும். மாலி உட்கார்ந்து புரட்சி செய்த அந்த மேடை நடுவில் முதலில் பாய் விரித்தவர் அவர். சீடர் கையில் விட்டுப் போனால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: இசை உருமாறும், இடம் நிலைக்கும்.

கிட்டப்பாவின் கதை நேர் எதிரானது. சிறு வயதிலேயே நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசை வரை கேட்ட குரல். ராஜபார்ட் நடிகர் பாடிக்கொண்டிருக்கும்போது ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடும் காலம் அது. தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையைப் பண்டிதர் சபையிலிருந்து நாடகக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சாதாரண ஜனங்களின் வாயில் முணுமுணுக்க வைத்தவர் அவர். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தது 1931இல். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது இரண்டே ஆண்டுகள். அவர் படத்தில் நடிக்கவே இல்லை. அவர் எப்படி நின்றார், எப்படிக் கையசைத்தார் என்று காட்ட ஓர் அடி பிலிம்கூட நமக்கு இல்லை.

ஆனால் இசைத்தட்டுகள் இருக்கின்றன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும். மேடையில் விரும்பிய மட்டும் நீட்டிப் பாடிய விருத்தத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைக்க வேண்டும். அவற்றைக் கேட்கும்போது அந்தக் குரல் உச்சஸ்தாயியில் மின்னல்போல் பிருகாக்களை உதறிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறது. அந்த வேகம் அவருடைய இயல்பா, தட்டு தீர்ந்துவிடுமே என்ற அவசரமா? இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இசைத்தட்டு குரலைக் காப்பாற்றியது. குரலின் ஓய்வைக் காப்பாற்றவில்லை.

அவருடைய பெயரைக் காப்பாற்றியவர் கே.பி. சுந்தராம்பாள். 1920களின் பிற்பாதியில் இலங்கையில் நாடகம் ஆடிக்கொண்டிருந்த காலத்தில்தான் இருவரும் இணைந்தார்கள். கொழும்பு மேடைக்கு நம் இசை வரலாற்றில் உள்ள பங்குகளில் இதுவும் ஒன்று. 1927இல் மணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். பிறந்த குழந்தை தங்கவில்லை. இறுதிக் காலத்தில் இருவருக்கும் இடையே பிரிவு. கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் அன்றைக்கு யாரும் கேட்டிராத தொகை. பிறகு 'ஔவையார்', சட்ட மேலவை, 'திருவிளையாடல்' என்று 1980 வரை நீண்ட அந்த வாழ்க்கை முழுவதும் கிட்டப்பாவின் பெயரும் கூடவே நடந்தது.

இது பெரும் பேறு. இதற்கு ஒரு விலையும் இருந்தது. இன்று கிட்டப்பா என்றதும் நமக்கு நினைவு வருவது காதல் கதை. பாட்டு அதன் பின்னணி இசைபோல ஒலிக்கிறது. அவர் பாணியை நேரடியாக அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனவர் வேறொருவர். மாலியின் பெயரையே கொண்ட நடிகர் டி.ஆர். மகாலிங்கம், 1945இல் ஏ.வி.எம்.மின் 'ஸ்ரீவள்ளி'யில் முருகனாக வந்து அதே உச்சஸ்தாயியில், கிட்டப்பா பாடிப் பிரபலமான மெட்டைப் பாடினார். கிட்டப்பா எட்டாத திரையை அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய பாணி எட்டியது.

இதே காலத்தில், அமெரிக்கத் தென்பகுதியில் இன்னொரு 27 வயது மரணம் நிகழ்ந்தது. மிசிசிப்பியின் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1938இல் இறந்தார். அவர் பதிவு செய்தது 1936 நவம்பரிலும் 1937 ஜூனிலும், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ, டாலஸ் நகரங்களில், மொத்தம் 29 பாடல்கள். கிட்டப்பாவைப் போலவே 78 சுழற்சித் தட்டுகள், பக்கத்துக்கு மூன்று நிமிடம், நகரும் படம் எதுவும் இல்லை. அவரைச் சுற்றியும் ஒரு கதை வளர்ந்தது: நாற்சந்தியில் பேயிடம் ஆன்மாவை விற்று கிதார் கற்றாராம். வாழும்போது அவரை அறிந்தவர்கள் கிட்டப்பாவை அறிந்தவர்களைவிட மிகக் குறைவு.

வேறுபாடு அதன் பிறகு நடந்ததில் இருக்கிறது. 1961இல் கொலம்பியா நிறுவனம் ஜான்சனின் பதிவுகளில் ஒரு பகுதியைத் தொகுத்து நெடுந்தட்டாக வெளியிட்டது. அதைக் கேட்டு வளர்ந்த எரிக் கிளாப்டன் போன்ற ஆங்கிலேய இளைஞர்கள் ராக் இசையின் திசையையே திருப்பினார்கள். 1990இல் முழுத் தொகுப்பும் வந்தது. எந்தப் பாட்டு எந்த நாளில், எந்த ஊரில் பதிவானது என்று இன்று யாரும் சொல்லலாம். கிட்டப்பாவின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் பலவற்றில் ஆண்டு இல்லை, பக்கவாத்தியக்காரரின் பெயர் இல்லை. தட்டு இருவருக்கும் இருந்தது. தட்டைத் தேடித் தொகுத்துக் குறிப்பெழுதி மறுபடி விற்க நினைத்த ஒரு மேசை ஒருவருக்குத்தான் இருந்தது.

மூன்றாவதாக என்.சி. வசந்தகோகிலம். இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் தொந்தரவு செய்பவர் இவர்தான். பிறந்த ஆண்டு 1919. டி.கே. பட்டம்மாள் பிறந்ததும் அதே 1919இல். எம்.எஸ். சுப்புலட்சுமி இருவரையும்விட மூன்று வயது மூத்தவர். 1940களில் இந்தப் பெயர்களை ரசிகர்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள். 1944இல் வந்து, சென்னையில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த 'ஹரிதாஸ்' படத்தில் தியாகராஜ பாகவதரின் மனைவியாக வந்தவர் வசந்தகோகிலம். 1951இல், 32 வயதில் காசநோய் அவரைக் கொண்டுபோனது.

பட்டம்மாள் 2009 வரை, 90 வயது வரை வாழ்ந்தார். சீடர்கள், பேத்தி நித்யஸ்ரீ, வானொலிப் பதிவுகள், ஒலிநாடாக்கள் என்று ஒரு பெருமரம். மியூசிக் அகாதமி ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகச் சங்கீத கலாநிதி கொடுத்தது 1968இல், எம்.எஸ்.ஸுக்கு, 1970இல் பட்டம்மாளுக்கு, 1977இல் எம்.எல். வசந்தகுமாரிக்கு. அந்த வாசல் திறப்பதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே வசந்தகோகிலம் போய்விட்டார். வளர்த்தெடுத்த சீடர் பரம்பரை இல்லை. சுந்தராம்பாள் போல அவர் பெயரைத் தோளில் சுமந்து அரை நூற்றாண்டு நடந்தவரும் இல்லை. மிஞ்சியவை தட்டுகளும் சில படங்களும். அந்தத் தட்டுகளில் தெளிந்த, சுருதியிலிருந்து இம்மி விலகாத ஒரு குரல் இருக்கிறது. ஒரு முழுக் கச்சேரியை அவர் எப்படிக் கட்டியெழுப்பினார், ஒரு ராகத்தை முக்கால் மணி நேரம் எப்படி விரித்தார் என்று கேட்டறிய அவை போதா.

இங்கேதான் ராக் இசைக்கும் கர்நாடக இசைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு தெரிகிறது. ராக் கலைஞர் தன் ஆகச் சிறந்த பாட்டை 25 வயதில் எழுதிப் பதிவு செய்துவிட முடியும். ஹென்ட்ரிக்ஸ் 27இல் இறந்தாலும் அவர் செய்ய வந்ததில் பெரும்பகுதி தட்டில் ஏறிவிட்டது. நம் மரபில் நாற்பதுக்கு மேல்தான் பாட்டு கனிகிறது என்பார்கள்; சீடர்கள் வந்து சேர்வதும் அப்போதுதான். ஆகவே முப்பதுகளில் ஒருவர் போகும்போது அவர் பாடாத பாட்டோடு அவர் சொல்லிக்கொடுக்காத பாடமும் போகிறது. இளமை மரணத்தை மேற்கிலிருந்து கடன் வாங்கிய கண்ணாடியால் பார்த்து நாம் அழகாக்கிவிடக் கூடாது. இங்கே அது இரட்டை நஷ்டம்.

நம் காலத்து உதாரணம் மாண்டலின் ஸ்ரீனிவாஸ். 1969இல் பிறந்து 2014இல், 45 வயதில் மறைந்தார். சரப சாஸ்திரியோடு ஒப்பிடத் தக்கவர். அந்நிய வாத்தியம் ஒன்றைச் சிறுவனாகவே கையில் எடுத்து, அதன் தந்திகளைக் குறைத்து மாற்றியமைத்து, கச்சேரி மேடையில் உட்கார வைத்தவர். சாஸ்திரிக்கு இல்லாத எல்லாம் இவருக்கு இருந்தன. எண்ணற்ற பதிவுகள், ஜான் மெக்லாக்லினோடு உலகப் பயணங்கள், கூடவே வாசித்து வளர்ந்த தம்பி ராஜேஷ், சீடர்கள். அவர் எப்படி வாசித்தார் என்று அறிய இனி எந்தத் தலைமுறைக்கும் தடையில்லை. ஆனால் மாண்டலின் குழலைப் போல ஒரு நிரந்தர இருக்கையைப் பெறுமா, அல்லது அது ஒரே ஒரு மேதையின் வாத்தியமாக நின்றுவிடுமா என்பதைப் பதிவுகள் தீர்மானிக்காது. நாதம் மிஞ்சி இடம் போய்விடுவதும் சாத்தியம். சாஸ்திரிக்கு நடந்ததன் தலைகீழ் அது. அதைத் தீர்மானிக்கப்போவது இன்னும் முப்பது ஆண்டுகள் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு சபா சபாவாகப் போகப்போகும் சிலர்.

நான் தகவல் தொழில்நுட்பத்தில் வேலை செய்பவன். ஓரிடத்தில் மட்டும் இருக்கும் தகவலை இல்லாததாகவே கருத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். இசைக்கு இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: ஒரே வகையில் மட்டும் இருப்பதும் போதாது. சீடர் இடத்தைக் காப்பார், நாதத்தை மாற்றிவிடுவார். காதல் பெயரைக் காக்கும், பாட்டை மறைத்துவிடும். தட்டு குரலைக் காக்கும், மூன்று நிமிடத்துக்கு மேல் எதையும் தராது. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கலைஞர் ஓரளவு முழுமையாக மிஞ்சுகிறார்.

புலம்பெயர்ந்த வீடுகளின் நிலவறைகளிலும் பரண்களிலும் பெரியவர்கள் கொண்டுவந்த ஒலிநாடாப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒரு கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ யாரோ பதிந்த கச்சேரிகளும் இருக்கும். அவற்றை இணையத்தில் ஏற்ற இன்று ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கு முன், கொண்டுவந்தவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டியவை சில உண்டு: பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன ராகம், வயலின் யார், மிருதங்கம் யார். கிட்டப்பாவின் தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் நாம் அறிய விரும்பி, அறிய முடியாமல் போகிறவை இவைதான்.