இரவை இழந்த திருவிழிப்பு

கிறிஸ்தவ ஆலயங்களில் ஆண்டு முழுவதும் நிகழும் வழிபாடுகளுள், இருளில் தொடங்குவதையே தன் இயல்பாகக் கொண்டது ஒன்று உண்டு. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவில் நடைபெறும் பாஸ்காத் திருவிழிப்பே அது. அன்று ஆலய விளக்குகள் யாவும் அணைக்கப்பட்டிருக்கும். வெளியே மூட்டிய புது நெருப்பிலிருந்து பெரியதொரு மெழுகுதிரி ஏற்றப்பெறும். அதனை ஏந்தியவர் இருண்ட ஆலயத்தினுள் நுழைந்து, மூன்று இடங்களில் நின்று, இது கிறிஸ்துவின் ஒளி என மும்முறை அறிவிப்பார். அந்த ஒரு சுடரிலிருந்து மக்களின் கைத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொள்ள, ஆலயம் முழுதும் வெளிச்சம் பரவும். இத்தகைய சடங்கு உரோமைத் திருச்சபையில் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் பட்டப்பகலில் நடைபெற்று வந்தது என்றால் பலர் வியப்புறுவர். ஒளியும் இருளும் கிறிஸ்தவ விசுவாசத்தில் என்ன பொருள் தருகின்றன என்பதை இந்த வரலாறு நன்கு விளக்குகின்றது.

யோவான் எழுதிய நற்செய்தி இவ்விரண்டையும் இணைத்தே பேசுகின்றது. இருளில் ஒளிரும் ஒளியைக் குறித்தே அந்நூல் தன் முன்னுரையில் கூறுகின்றது. நிக்கதேமு என்னும் கற்றறிந்த பரிசேயர் இயேசுவைத் தேடி வந்தது இரவில். யூதாசு பந்தியை விட்டு எழுந்து வெளியே போனபோது அது இராக்காலம் என்று ஆசிரியர் சுருங்கக் கூறி நிறுத்துகின்றார். மகதலேனா மரியாள் கல்லறைக்குச் சென்றதும் இருள் நீங்கா வேளையிலேயே. காட்டிக்கொடுப்பவன் மறையும் இடமும் இரவே. உண்மையைத் தேடுவோன் நடந்துவரும் வழியும் இரவே. உயிர்த்தெழுதல் எவர் கண்ணிலும் படாமல் நிகழ்ந்த பொழுதும் அதுவே. பாவத்திற்கு அடையாளமான இருளே காத்திருப்புக்கும் அடையாளமாயிற்று.

ஆதித் திருச்சபை இதனை வாழ்க்கையாகவே கொண்டிருந்தது. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த யுஸ்தீன் என்னும் மறைசாட்சி, ஞானஸ்நானத்திற்கு 'ஒளியூட்டல்' என்னும் பெயரும் வழங்கியதைத் தம் நூலிற் குறிப்பிடுகின்றார். ஆபிரிக்காவைச் சேர்ந்த தெர்த்துல்லியன் என்னும் எழுத்தாளர், பிற மதத்தவனை மணந்த கிறிஸ்தவப் பெண் பாஸ்கா இரவு முழுவதும் வீட்டை விட்டு அகன்றிருப்பதை அவள் கணவன் பொறுத்துக்கொள்வானா என்று வினவினார். இரவு முழுதும் விழித்திருப்பது அன்றே வழக்கமாய் இருந்தமை இதனாற் புலனாகும். 4ஆம் நூற்றாண்டில் ஜெருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி, அங்கு மாலை வழிபாட்டுக்கான தீபச்சுடர் வெளியிலிருந்து கொண்டுவரப்படாமல், இரவும் பகலும் விளக்கெரியும் கல்லறைக் குகையினுள்ளிருந்தே எடுக்கப்பட்டதாக எழுதியுள்ளார். சாவின் இடத்திலிருந்தே ஒளி பெறப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

அந்நகரில் ஞானஸ்நானம் பெறுவோர் முதலில் மேற்குத் திசை நோக்கி நின்று சாத்தானை மறுதலித்தனர். பின்னர் கிழக்கு நோக்கித் திரும்பித் தம் விசுவாசத்தை அறிக்கையிட்டனர். கதிரவன் மறையும் மேற்கு இருளின் திசையாகக் கருதப்பட்டது. கொன்ஸ்தந்தைன் பேரரசர் பாஸ்கா இரவில் நகரெங்கும் பெரும் மெழுகுத் தூண்களை ஏற்றுவித்து இரவைப் பகலாக்கினார் என்று வரலாற்றாசிரியர் யூசேபியஸ் கூறுகின்றார். 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலான் நகரில், ஆயர் அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றவர் அகுஸ்தீனார். பின்னாளில் ஆயராகிய அவர், இத்திருவிழிப்பை எல்லா விழிப்புகளுக்கும் தாய் எனப் போற்றினார்.

இத்தகைய இரவு எவ்வாறு இழக்கப்பட்டது? எவரும் அதனை வேண்டுமென்று அழிக்கவில்லை. குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் அளிப்பது பெருவழக்கானபின், இராமுழுதும் காத்திருக்கும் வயதுவந்த புதியோர் குறைந்தனர். நெடிய உபவாசத்தால் களைத்தோர் வழிபாடு விரைவில் முடிவதை விரும்பினர். எனவே அது மாலைக்கும், பின்னர் பிற்பகலுக்கும், அதன்பின் முற்பகலுக்கும் நகர்ந்தது. 1566இல் பாப்பரசர் 5ஆம் பயஸ் நண்பகலுக்குப் பின் திருப்பலி நிறைவேற்றலாகாது எனத் தடை விதித்தபோது, காலை வேளையே சட்டமாயிற்று. 1642இல் பாப்பரசர் 8ஆம் உர்பான் கடன் திருநாள்களைக் குறைத்தார். அதனால் பெரிய சனிக்கிழமை வேலைநாளாகி, மக்களும் வராதொழிந்தனர்.

அதன் பயன் யாது? சாளரங்கள் வழியே வெயில் வீசும் நேரத்தில், ஏறத்தாழ வெறுமையான ஆலயத்தில் திரி ஏற்றப்பட்டது. அவ்விரவையே வாழ்த்தும் பாஸ்காப் புகழுரை காலைப் பொழுதிற் பாடப்பட்டது. சொற்களில் ஓரெழுத்தும் மாறவில்லை. சொல்லப்பட்ட பொருள் மட்டும் கண்முன் இல்லை. உரோமை முறையைப் பின்பற்றிய இலங்கை ஆலயங்களுக்கும் இதுவே விதியாயிருந்தது. கிழக்குத் திருச்சபையினராகிய ஓர்த்தொடொக்ஸ் மக்களோ நள்ளிரவில் ஒளி பெறும் வழக்கத்தைக் கைவிடாது காத்தனர்.

இரவை மீட்டுத் தந்தவர் பாப்பரசர் 12ஆம் பயஸ். 1951 பெப்ரவரியில் வெளியான ஆணை, திருவிழிப்பை இரவில் நடத்தச் சோதனை முறையில் இசைவளித்தது. 1955 நவம்பரில் பிறந்த ஆணை, பெரிய வாரம் முழுவதையும் சீர்திருத்தி, 1956 முதல் இரவு வழிபாட்டைப் பொது விதியாக்கியது. பகல் வெளிச்சத்தில் அச்சடங்கு தன் இயல்பான தெளிவை இழந்ததென அவ்வாணையே ஒப்புக்கொண்டது. மக்கள் கையில் திரி ஏந்தி அந்த ஒரே சுடரிலிருந்து ஒளி பெறும் முறையும் இச்சீர்திருத்தத்தால் நிலைபெற்றது. இரவு கவிந்தபின் தொடங்கி விடியுமுன் முடிக்கவேண்டும் என்பது, 1970இல் வெளிவந்த திருப்பலி நூலின் விதி.

இருளை ஒளித்துவைத்துவிட்டு ஒளியைப் போதிக்க இயலாது என்பதே இந்நீண்ட வரலாறு புகட்டும் பாடம். அன்புக்குரியோரை மண்ணுக்குக் கொடுத்தவரும், தீராப் பிணியுற்றவரும் தம் இருளை இல்லையென்று சொல்லவேண்டும் எனத் திருச்சபை அவ்விரவிற் கேட்பதில்லை. அவர்களோடு தானும் விளக்கை அணைத்து, இருளில் நின்று காத்திருக்கின்றது. வாயிலில் முதற் சுடர் தோன்றும்போது அதன் ஒளி மிகச் சிறிது. ஆயினும் இருளில் நின்றவர் அனைவரும் அதனைக் காண்கின்றனர்.