கிண்ணம் வடக்கின் பெயரில், ஆடுகளம் தெற்கில்

2020ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி இரவு, அம்பாந்தோட்டை சூரியவெவ மைதானத்தில் லங்கா பிரீமியர் லீக் சுற்றுப்போட்டியின் முதலாவது கிண்ணம் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணியின் கைக்குச் சென்றது. இறுதியாட்டத்தில் யாழ்ப்பாணம் ஸ்டாலியன்ஸ் 6 விக்கெட்டுகளை இழந்து 188 ஓட்டங்களைக் குவித்தது. காலி கிளாடியேட்டர்ஸ் 9 விக்கெட்டுகளை இழந்து 135 ஓட்டங்களையே பெற்றது. 53 ஓட்டங்களால் வெற்றி. உலகெங்கும் பரந்து வாழும் ஈழத்தமிழர் பலர் அன்று நள்ளிரவிலும் விழித்திருந்து மகிழ்ந்தனர். எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும், நீண்டகாலம் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற முறையில், ஒரு வெற்றிச் செய்தியை வாசித்து முடித்ததும் அது யாருடைய வாசல்வரை சென்று சேர்ந்தது என்று கேட்கும் வழக்கம் எனக்கு உண்டு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மட்டை பிடிக்கும் ஒரு சிறுவனின் வாசல்வரை அது சென்றதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் அந்தப் பருவத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பு கிங்ஸ், தம்புள்ளை வைக்கிங், காலி கிளாடியேட்டர்ஸ், கண்டி டஸ்கர்ஸ், யாழ்ப்பாணம் ஸ்டாலியன்ஸ் ஆகிய ஐந்து அணிகள் அதில் பங்கேற்றன. நவம்பர் 26ஆம் திகதி தொடங்கிய சுற்றுப்போட்டியில் மொத்தம் 23 ஆட்டங்கள். கொரோனாப் பெருந்தொற்றுக் காலமாதலால் அனைத்தும் ஒரே மைதானத்தில், பார்வையாளர் இன்றி, தொலைக்காட்சிக் கமெராக்களுக்கு முன்னால் மட்டுமே நடைபெற்றன. திசர பெரேரா தலைமை தாங்கிய யாழ்ப்பாண அணி தன் முதல் ஆட்டத்தில் காலியை 8 விக்கெட்டுகளால் வென்றது. அவிஷ்க பெர்னாண்டோ அந்த ஆட்டத்தில் ஆட்டமிழக்காது 92 ஓட்டங்களைப் பெற்றார். தம்புள்ளைக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் திசர பெரேரா 44 பந்துகளில் ஆட்டமிழக்காது 97 ஓட்டங்களைக் குவித்தார். பின்னர் அணி சற்றே தளர்ந்தாலும், புள்ளிப்பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பெற்று அரையிறுதிக்குள் நுழைந்து, தம்புள்ளையை 37 ஓட்டங்களால் வீழ்த்தியது. மறுபுறம், லீக் சுற்றில் எட்டு ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்ற காலி அணி, ஓட்டவிகித அடிப்படையில் கண்டியைப் பின்தள்ளி அரையிறுதிக்கு வந்து, பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த கொழும்பையே வெளியேற்றியது. இறுதியாட்டத்தில் 46 ஓட்டங்களைப் பெற்ற பாகிஸ்தான் வீரர் சொயிப் மலிக் ஆட்டநாயகனாகத் தெரிவானார்.

அந்தப் பருவத்தில் தமிழ் வாசகர்களின் நெஞ்சைத் தொட்ட நாள் இறுதியாட்ட நாளன்று; டிசெம்பர் 4ஆம் திகதி. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த், தமது 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், கொழும்பு கிங்ஸ் அணிக்கெதிராகக் களமிறங்கினார். மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளரான அவர் வீழ்த்திய முதல் விக்கெட் இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்யூஸினுடையது. பிற்காலத்தில் அவர் 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காகவும், 2024 மே மாதத்தில் ஐ.பி.எல். சுற்றுப்போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகவும் விளையாடினார். லீக் ஒன்றினால் ஓர் இளைஞனின் வாழ்வு மாறக்கூடும் என்பதற்கு அவரே சான்று. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் வியாஸ்காந்த் எங்கிருந்து வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் பயின்ற கல்லூரிக்கும் யாழ்ப்பாணம் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்ற பெயரில் நடைபெறும் போட்டித் தொடர் 1904ஆம் ஆண்டில் தொடங்கியது. நூற்றாண்டைக் கடந்த ஒரு மரபு, பழைய மாணவர்களின் ஆதரவு, பயிற்றுநர், மைதானம் ஆகிய யாவும் அவருக்குப் பின்னால் இருந்தன. வன்னியில் அத்தகைய மரபு ஒன்று வேரூன்றுவதற்குக் காலம் இடம்கொடுக்கவில்லை.

வன்னி பெருநிலப்பரப்பின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. கிளிநொச்சி இரணைமடுக்குளத்தின் நீரையும் குடியேற்றத் திட்டங்களையும் நம்பி எழுந்த உழவர் நகரம். நிர்வாக மாவட்டமாக முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலுமே உருவாயின. பள்ளிக்கூடங்கள் நிமிரத் தொடங்கிய வேளையில் போர் வந்துவிட்டது. 1990இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட தலைமுறை அது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றபோது, வலிகாமத்திலிருந்து முந்திய ஒக்டோபரில் பெயர்ந்த மக்கள் தென்மராட்சியிலும் வன்னியிலும் ஒதுங்கியிருந்தனர். அந்த வெற்றி அணியில் முத்தையா முரளிதரன் இருந்தார் என்பதை அவர்களுள் பலர் வானொலியில்தான் கேட்டறிந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தது. மக்கள் மீண்டும் காடுகளை நோக்கிப் பெயர்ந்தனர். பாடசாலைகள் மரநிழல்களில் நடந்த அந்தக் காலத்தில், மைதானம் என்பது தறப்பாள் கொட்டில்கள் முளைக்கும் இடமாக இருந்தது.

தமிழர்கள் இலங்கைத் துடுப்பாட்டத்துக்கு அந்நியர்கள் என்று யாரும் கருதிவிடக் கூடாது. கொழும்பில் தமிழ் யூனியன் விளையாட்டுக் கழகம் 1899இலேயே தோன்றியது. இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை 1982 பெப்ரவரியில் விளையாடியது அக்கழகத்தின் மைதானத்தில்தான், பி. சரவணமுத்துவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. மகாதேவன் சதாசிவம் 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்களை எடுத்தார். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கினார். ஆனால் இவையனைத்தும் கொழும்பை மையமாகக் கொண்ட வரலாறு. வடக்கில் திறமை இருந்தாலும் அது கொழும்புக்குச் சென்றே அரங்கேற வேண்டியிருந்தது. போர் அந்தப் பாதையையும் அடைத்தது. ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் ஓர் ஆட்டக்காரனை உருவாக்கப் போதுமானவை அல்ல.

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. அதன்பின்னர் நடந்த ஒன்றை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். லங்கா பிரீமியர் லீக்குக்கு முன்பே, 2012 ஓகஸ்டில், ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்ற பெயரில் ஏழு அணிகள் பங்கேற்ற சுற்றுப்போட்டி ஒன்று நடைபெற்றது. அதில் வட மாகாணத்தைக் குறிக்கும் அணிக்கு ‘உதுர ருத்ராஸ்’ என்று பெயர். ‘உதுர’ என்பது வடக்கு என்பதற்கான சிங்களச் சொல். ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலையிலும் மட்டுமே நடைபெற்றன. மின்னொளியில் அந்த ‘வடக்கு’ ஆடிக்கொண்டிருந்த அதே ஓகஸ்டில், வவுனியா செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் வன்னி மக்களின் கடைசித் தொகுதியினர் இன்னும் வீடு திரும்பாமல் இருந்தனர். அம்முகாம் அடுத்த மாதமே மூடப்பட்டது. அந்த லீக் ஒரு பருவத்தோடு நின்றுபோயிற்று. வடக்கு அதில் ஒரு பெயராக மட்டுமே இருந்தது.

அதே 2012இல் எதிர்த்திசையில் ஒரு முயற்சியும் தொடங்கியது. முரளிதரனின் பெயரால் நடத்தப்பட்ட முரளி நல்லிணக்கக் கிண்ணம், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பாடசாலை அணிகளைக் கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் போன்ற இடங்களுக்கே அழைத்து வந்தது. பெருந்தொகைப் பரிசோ நேரடி ஒளிபரப்பின் ஆரவாரமோ அங்கு இல்லை. ஆனால் காலியிலிருந்து வந்த ஒரு மாணவன் மாங்குளத்து மண்ணில் விழுந்து பந்தைத் தடுத்தான். வன்னிச் சிறுவன் தன் ஊரிலேயே, தன் தாய் தந்தையர் பார்த்திருக்க, வெளியூர் அணியை எதிர்கொண்டான். என் மதிப்பீட்டில், வன்னித் துடுப்பாட்டத்துக்கு அந்தச் சிறிய கிண்ணம் செய்தது பெரிய லீக் செய்ததைவிட அதிகம்.

மீண்டும் லங்கா பிரீமியர் லீக்குக்கு வருவோம். 2021இல் யாழ்ப்பாண அணியை லைக்கா நிறுவனம் வாங்கியது. அணி ‘ஜவ்னா கிங்ஸ்’ ஆயிற்று. அந்நிறுவனத்தை நிறுவிய அல்லிராஜா சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர். ஆக, உரிமையாளரின் வடிவில் வன்னி இந்த லீக்கின் உச்சிக்கே சென்றது. அணி 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. முதல் ஐந்து பருவங்களில் நான்கு கிண்ணங்கள்! அந்த ஐந்து பருவங்களின் ஆட்டங்களும் அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை ஆகிய இடங்களிலேயே நடைபெற்றன. தம்புள்ளைக்கு வடக்கே ஒரு பந்தும் வீசப்படவில்லை. நாட்டின் மிகச் சிறந்த அணி எனப் பெயரெடுத்த அணியை அதன் சொந்த மக்கள் தம் மண்ணில் ஒருநாளும் நேரில் கண்டதில்லை.

இதற்குச் சொல்லப்படும் காரணம் மைதானம் இல்லை என்பது. அது உண்மையே. ஆனால் அந்தக் காரணத்தை உடைத்துப் பார்த்தால், அதன் நடுவில் இருப்பது 20.12 மீற்றர் நீளமும் 3.05 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு மண்துண்டு. கடினப்பந்துத் துடுப்பாட்டத்தின் உயர்மட்டம் முழுவதும் புற்தரை ஆடுகளத்தில் ஆடப்படுவது. களிமண்ணைத் தேர்ந்து, படைபடையாக இட்டு, நீர்விட்டு, கனத்த உருளையால் நாள்தோறும் அழுத்தி, புல்லை வளர்த்து, வெட்டிப் பேண வேண்டும். வன்னியில் பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவது மென்பந்தில். கடினப்பந்துக்கு வரும்போது கிடைப்பது கொங்கிறீட்டின் மேல் விரித்த விரிப்பு. விரிப்பில் பந்து ஒரே சீராக உயர்ந்து எழும். புற்தரையில் அது தாழும், தயங்கும். ஆட்டம் நீள நீளக் களம் தேய்ந்து திரும்பும். விரிப்பில் சதம் அடித்தவன் மாகாணத் தேர்வுக்காகப் புற்தரையில் நின்று, மூன்றாவது பந்தில் கால் சிக்கி வெளியேறுவது அவன் திறமையின்மையால் அன்று. அவன் படித்த பாடம் வேறு. எழுதிய பரீட்சை வேறு.

குளத்து வண்டலையும் களிமண்ணையும் நம்பியே வாழும் வன்னியில், ஓர் ஆடுகளத்துக்கு வேண்டிய களிமண்ணுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. பஞ்சம் உருளைக்கும், அதைப் பேணக் கற்ற ஆளுக்கும், அவருக்கு மாதந்தோறும் கொடுக்கவேண்டிய ஊதியத்துக்குமே. ஒரு லீக் பருவத்தில் வெளிநாட்டு நட்சத்திரம் ஒருவருக்கு வழங்கப்படும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி, யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் ஒன்றின் கட்டுமானப் பணியை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். நல்ல செய்தி, வரவேற்கிறேன். ஆனால் முல்லைத்தீவிலிருந்து மண்டைதீவுக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேல். பயிற்சிக்காக ஒரு சிறுவன் நாள்தோறும் போய்வரக்கூடிய தூரமன்று அது. கொழும்புக்குச் செல்ல முடியாதவன் மண்டைதீவுக்கும் செல்ல முடியாமற் போனால், வடக்கு என்ற பெயருக்குள் இன்னொரு தெற்கும் இன்னொரு வடக்கும் உருவாகிவிடும். யாழ்ப்பாணத்து நண்பர்கள் சினங்கொள்ள மாட்டார்கள் என்று நம்பியே இதை எழுதுகிறேன்.

புலம்பெயர்ந்த தேசங்களில் இந்த அணியின் சீருடையை வாங்கி அணியும் இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் அடுத்த முறை கூடும்போது, ஒன்றுகூடல் மண்டபத்துக்கும் மலருக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆடுகளப் பராமரிப்பாளர் ஒருவரின் ஊதியத்துக்கு ஒதுக்குங்கள். அணி உரிமையாளர்களுக்கும் ஒன்று சொல்லலாம். கிண்ணத்துக்கான ஆட்டங்களைத் தெற்கிலேயே நடத்தினாலும், பருவம் தொடங்குமுன் ஒருநாள் அணி கிளிநொச்சிக்கு வந்து அங்குள்ள பிள்ளைகளோடு பயிற்சி செய்வதற்கு எந்தச் சர்வதேச மைதானமும் தேவையில்லை. ஒரு பேருந்து போதும். ஏ9 வீதி இப்போது திறந்தே இருக்கிறது.