பென்குயினின் கொழுப்பில் வயல் மருந்து

சென்ற மாதம் வானலையில் நான் வாசித்த உரையை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமையால் அன்று விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் வர்த்தகம் படித்துக் கணக்கெழுதிப் பிழைப்பவன், இரசாயனவியலாளன் அல்லன். ஆனால் இது ஒருவகையில் கணக்குக் கதையும்தான்.

கதை டி.டி.ரி. மருந்தில் தொடங்குகிறது. சுவிற்சர்லாந்தின் பவுல் முல்லர் 1939இல் அது பூச்சிகளைக் கொல்வதைக் கண்டறிந்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். நாங்கள் வாழும் இந்த இத்தாலியிலேயே அதன் முதற் பெரிய வெற்றி நடந்தது. 1943-44 குளிர்காலத்தில் நாப்போலி நகரில் பேன் மூலம் தைபஸ் காய்ச்சல் பரவியபோது, பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரின் சட்டைக்குள் மருந்துத்தூளை ஊதி நோயை நிறுத்தினார்கள். போருக்குப் பின்னர் சார்டினியாத் தீவு முழுவதும் நுளம்புக்கு அதே மருந்து தெளிக்கப்பட்டது.

எங்கள் ஊர்க் கதை இன்னும் பெரியது. 1934-35 மலேரியாக் கொள்ளையில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். 1946இல் 28 இலட்சம் பேருக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டதாகப் பதிவு இருக்கிறது. வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடிக்கத் தொடங்கிய பின்னர், 1963இல் அந்த எண்ணிக்கை வெறும் 17. நூற்றுப் பதினேழு அல்ல, பதினேழேதான். பிறகு தெளிப்பை நிறுத்தினார்கள். 1969இல் மறுபடியும் ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. வன்னியிலும் கிழக்கிலும் பிறந்த எங்கள் பெற்றோரில் எத்தனையோ பேர் அந்த மருந்தால் உயிர் தப்பியவர்கள். ஆகவே டி.டி.ரியை அரக்கனாக மட்டும் காட்டும் கட்டுரைகளில் எனக்கு உடன்பாடில்லை. வரவுப் பக்கத்தை மறைத்துவிட்டுச் செலவுப் பக்கத்தை மட்டும் காட்டும் கணக்கை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார்.

இனிச் செலவுப் பக்கம். 1966இல் ஸ்லேடன் என்ற விஞ்ஞானியும் இருவரும் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தாட்டிக்காவின் அடேலி பென்குயின்களின் உடலில் டி.டி.ரி. இருக்கிறது என்பதே செய்தி. வயல் இல்லை, நுளம்பு இல்லை, மருந்தடிக்க ஆளும் இல்லை. அங்கே அது எப்படிப் போனது?

அடேலி பென்குயின் பறக்காது. தென்துருவக் கடலை விட்டு வெளியேறுவதும் இல்லை. வேறு நாட்டில் உண்டு வந்தது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ஆகவே நஞ்சுதான் பென்குயினைத் தேடிப் போயிருக்கிறது.

போன வழி இதுதான். பலெர்மோவில் எங்கள் வீடுகளில் கீழ்மாடியில் மிளகாய் வறுத்தால் மேல்மாடிக்காரர் தும்முவார் அல்லவா? இந்த மருந்துகளும் அப்படித்தான். வெப்ப நாட்டில் ஆவியாகி எழும்பிக் காற்றோடு போகும். சோற்றுப் பானையின் ஆவி குளிர்ந்த மூடியில் பட்டு நீராவதுபோலக் குளிரான இடத்தில் படியும். அங்கிருந்து மறுபடியும் எழும்பி, இன்னும் குளிரான இடத்துக்குப் போகும். கடைசியாக நிற்கும் இடம் துருவம். அங்கே குளிரில் அழிவதும் மிக மெதுவாகத்தான்.

இதில் தமிழரின் பங்கு இருப்பது பலருக்குத் தெரியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடலுயிரியல் மையத்தைச் சேர்ந்த சுப்பிரமணியன், யப்பானின் ஏஹிமே பல்கலைக்கழகத்தில் தனபே, தத்சுகாவா ஆகியோருடன் சேர்ந்து அடேலி பென்குயின்களை ஆராய்ந்தார். 1986இலும் 1987இலும் கட்டுரைகள் வெளிவந்தன. முட்டையிடும் பருவத்தில் ஆண் பென்குயின் நான்கைந்து கிழமைகள் ஒன்றும் உண்ணாமல் கூட்டருகே நிற்கும். உடற்கொழுப்புக் கரையும், கொழுப்பில் ஒளிந்திருந்த டி.டி.ஈயும் பீ.சீ.பீயும் அதோடு கரைந்து போவதில்லை. மிஞ்சிய கொழுப்பில் செறிவு ஏறும். (டி.டி.ஈ. என்பது டி.டி.ரி. சிதைந்து உண்டாவது. பீ.சீ.பீ. என்பது மின்மாற்றிகளில் ஊற்றப்பட்ட எண்ணெய் வகை.) முதல் குறைந்து கடன் குறையாத வியாபாரியின் ஐந்தொகை எப்படி இருக்குமோ அப்படித்தான்.

அதே சுப்பிரமணியனும் கூட்டாளிகளும் பின்னர் தமது ஊர்ப் பக்கமே திரும்பினார்கள். பரங்கிப்பேட்டையில் கடலில் சேரும் வெள்ளாற்றின் நெல் வயல்களில் அடிக்கும் எச்.சி.எச். என்ற பூச்சிமருந்து எங்கே போகிறது என்று பார்த்தார்கள். எங்கள் கமக்காரருக்கு அது கமக்சீன் என்ற பெயரில் பழக்கம். ஆற்றோடு கடலுக்குப் போகும் என்றுதான் யாரும் நினைப்போம். 1991இல் வெளியான கணக்கின்படி, அடித்த மருந்தில் நூற்றுக்கு 99.6 பங்கு காற்றில் கலந்தது. வாய்க்கால் வழியே வடிந்தது 0.4 பங்கு மட்டுமே. கடலைச் சென்றடைந்தது அதிலும் குறைவு, நூற்றில் 0.1 பங்குக்கும் கீழே. 1993இல் இவாத்தா என்பவரும் தனபேயும் தத்சுகாவாவும் உலகக் கடல்களைச் சுற்றி அளந்தபோது, எச்.சி.எச். மிக அதிகமாகக் காணப்பட்டது எங்கள் வங்காள விரிகுடாவில் அல்ல, வடதுருவத்தை ஒட்டிய பெரிங், சுக்சி கடல்களில்.

எந்த வயலின் மருந்து எந்தப் பறவையில் இருக்கிறது என்று பெயர் எழுதி ஒட்ட முடியாது. அதுதான் இதில் சங்கடமான பகுதி; பற்றுச்சீட்டு இல்லாத கடன். இந்தியா 1997இல் எச்.சி.எச். தூளைத் தடைசெய்தது.

இத்தாலிக்கும் இந்த ஆராய்ச்சியில் நல்ல இடமுண்டு. 1985இல் தொடங்கிய இத்தாலிய அந்தாட்டிக் திட்டம் தெர்ரா நோவா விரிகுடாவில் ஒரு தளம் அமைத்தது. 2004 முதல் அதற்கு மாரியோ சுக்கெல்லி தளம் என்று பெயர். சியெனா பல்கலைக்கழகத்தின் ஃபொக்கார்டி, கொர்சொலினி முதலியோர் அங்குள்ள பென்குயினையும் ஸ்கூவா என்ற கொள்ளைக்காரப் பறவையையும் ஒப்பிட்டார்கள். ஸ்கூவாவில் பீ.சீ.பீ. பலமடங்கு அதிகம். அது குளிர்காலத்தில் வடக்கே பறந்து தொழிற்சாலை நாடுகளின் கடல்களில் இரை தேடும். உணவுச் சங்கிலியிலும் மேலே நிற்கும்.

வடதுருவப் பறவைகளின் நிலைமை தெற்கைவிட மோசம். கனடாவில் உறவினர் உள்ள நேயர்களுக்காக ஒன்று: 2005இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஆய்வு, அந்நாட்டின் வடகோடியிலுள்ள டெவன் தீவில் ஃபுல்மார் என்ற கடற்பறவைகள் கூடு கட்டும் பாறைக்குக் கீழேயுள்ள குட்டைகளைப் பார்த்தது. பறவை எச்சம் விழும் குட்டைகளின் சேற்றில் பாதரசம் 25 மடங்கு, டி.டி.ரி. 60 மடங்கு. கடலிலே உண்டதைப் பறவையே தரைக்குக் காவி வந்திருக்கிறது.

பழைய மருந்துகள் ஓய்ந்தபின் புதியவை வந்தன. கறை படியாத துணிக்கும் தீயணைக்கும் நுரைக்கும் பயன்பட்ட பீ.எஃப்.ஓ.எஸ். அதில் ஒன்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்த குருந்தாசலம் கண்ணன், அமெரிக்கரான கீசியுடன் சேர்ந்து, அது உலகெங்கும் காட்டு விலங்குகளின் உடலில் இருப்பதை 2001இல் காட்டினார். 2006இல் அவரது குழு தென்கடலின் அல்பட்ரோஸ், பென்குயின், ஸ்கூவாக்களிலும் அளந்தது. இடையில் 2002இல் அவரும் சியெனாக்காரரும் சேர்ந்து மத்தியதரைக் கடலின் டொல்பின், சூரை, வாள்மீன்களைப் பார்த்தார்கள், அவற்றிலும் இருந்தது. 2013இல் வெனெத்தோ மாகாணத்தில் குடிநீரிலேயே இவ்வகைப் பொருட்கள் தெரியவந்தபோது இத்தாலி அதிர்ந்தது.

நாடுகள் சும்மா இருக்கவில்லை. 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை கையொப்பமானது. 2004இல் நடைமுறைக்கு வந்தது. டி.டி.ரி. முற்றாகத் தடைசெய்யப்படவில்லை. மலேரியாவுக்கு வேறு வழியில்லாத நாடுகள் வீட்டுச் சுவருக்கு அடிக்கலாம் என்று இடம் விட்டார்கள். அது நியாயம் என்றே எண்ணுகிறேன். இலங்கை 2005இலும் இந்தியா 2006இலும் அதை ஏற்று உறுதிசெய்தன. 2001இல் கையொப்பமிட்ட இத்தாலி உறுதிசெய்தது 2022இல். இருபத்தொரு வருடம்! எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு விலைச்சிட்டையை வைத்திருந்தால் என் கதி என்னவாகியிருக்கும்? இலங்கையோ 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் பெற்றுவிட்டது.

ஆனாலும் பென்குயினின் கணக்கு மூடப்படவில்லை. அந்தாட்டிக் தீபகற்பத்தில் அடேலி பென்குயினின் டி.டி.ரி. அளவு முப்பது வருடமாகக் குறையவில்லை என்று 2008இல் கைஸ் என்பவரும் சகாக்களும் எழுதினார்கள். முன்னொரு காலத்தில் பனியாறுகளில் உறைந்து கிடந்த மருந்து, பனி உருக உருகக் கடலில் சேர்கிறது. வருடத்துக்கு ஒன்றிலிருந்து நான்கு கிலோ என்பது அவர்களின் மதிப்பீடு. பழைய மீதி ஒவ்வொரு வருடமும் அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறது.

உரை முடிந்ததும் தொலைபேசியில் ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, அப்ப பல்லாரோச் சந்தையிலை வாள்மீன் வாங்கலாமோ, வேண்டாமோ?" வாங்கலாம். ஆனால் பெரிய மீனைத் தின்னும் பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேரும் என்பதால், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள் வாள்மீனைக் கிழமைக்கு நூறு கிராமுக்குக் குறைந்த ஒரு துண்டோடு நிறுத்தி, அந்தக் கிழமையில் வேறு மீன் உண்ணாதிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2004இல் அறிவுறுத்தியது. சாளை, நெத்தலி போன்ற சிறு மீன்களில் இந்தச் சுமை குறைவு, விலையும் குறைவு.