மார்த்தாண்டத்தில் கோழியும் தேனீயும் சொல்லித் தந்த வாத்தியார்



கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொன்னாங்க. செஞ்சிக் கோட்டை பக்கத்தில் இருக்கு, மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச கோயில் நம்ம மண்டகப்பட்டிலேயே இருக்கு, ராஜா கதை எழுதேன்னு பலரும் சொன்னாங்க. ராஜாக்களைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் ஏழை ஜனங்களுக்குக் கோழியும் தேனீயும் வளர்க்கச் சொல்லிக் கொடுத்த ஒருத்தரைப் பத்தி எழுதுறேன். பேர் ஸ்பென்சர் ஹாட்ச். அமெரிக்காக்காரர். அவர் வேலை செஞ்ச இடம் இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற மார்த்தாண்டம்.

நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நாம "சுயஉதவிக் குழு"ன்னு தினமும் சொல்றோமே, அந்த "சுயஉதவி" என்ற வார்த்தையைக் கிட்டத்தட்ட 100 வருஷம் முன்னாடியே தன் வேலைக்குக் கொள்கையா வெச்சிருந்தவர் அவர்.

விரிவாக்கம் என்றால் என்ன?

வேளாண்மைத் துறையில் "விரிவாக்க அலுவலர்" என்று ஒரு பதவி இருக்கு. கல்லூரியிலும் ஆராய்ச்சிப் பண்ணையிலும் கண்டுபிடிச்சதைக் கிராமத்து வயல் வரைக்கும், மாட்டுக் கொட்டகை வரைக்கும் கொண்டு வந்து சொல்லித் தருவதுதான் விரிவாக்கக் கல்வி. இதில் பரீட்சை கிடையாது. வயசு வரம்பும் கிடையாது. அமெரிக்காவில் 1914-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, வேளாண் கல்லூரிகள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தர ஏற்பாடு செய்தார்கள். அந்த நாட்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான் ஹாட்ச்.

கே.டி.பால் போட்ட பாதை

ஹாட்ச் வேலை செய்தது ஒய்.எம்.சி.ஏ. அமைப்பில். அதன் தேசியப் பொதுச் செயலாளராக வந்த முதல் இந்தியர் ஒரு தமிழர், 1876-ல் சேலத்தில் பிறந்த கே.டி.பால். அந்தக் காலத்தில் கிராமத்து ஏழைகள் வட்டிக்காரர்களிடம் மாட்டிக்கிட்டு நிலத்தையும் நகையையும் இழந்துகொண்டு இருந்தார்கள். பால் முதலில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஆரம்பிச்சார். பிறகு படிப்பு, உடல்நலம், தொழில் எல்லாத்தையும் சேர்த்துக் கவனிக்கிற கிராமப் புனரமைப்பு வேலையாக அதை விரிவாக்கினார். 1931-ல் அவர் காலமானார்.

கடனோடு மத்ததும் ஏன் வேணும் என்பது நமக்குப் புதுசு இல்லை. எங்க பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா குழுக் கடனில் 4 ஆடு வாங்கினாங்க. ஆட்டுக்கொல்லி நோய் வந்து 3 ஆடு செத்துப்போச்சு. தடுப்பூசி போட்டிருந்தா காப்பாத்தி இருக்கலாம்னு அப்புறம்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுது. ஆடு போச்சு, ஆனா தவணை நிக்கலை. கூலி வேலைக்குப் போய்த்தான் கட்டி முடிச்சாங்க. கடன் கொடுக்க ஆள் இருந்தது, கூட நின்னு சொல்லித் தரத்தான் ஆள் இல்லை.

மார்த்தாண்டத்தில் நடந்தது

ஹாட்ச் 1920-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு வந்தார். மார்த்தாண்டம் அப்போ அந்த ராஜாவின் ஆட்சியில் இருந்தது. 1956-ல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பனை ஏறிப் பிழைக்கிறவர்களும், துண்டு நிலம் வெச்சிருக்கிறவர்களும், அதுவும் இல்லாதவர்களும் நிறைந்த பகுதி. அங்கே ஒரு கிராம செயல்விளக்க மையம் நடத்தினார். அவரது மனைவி எமிலியும் கூட இருந்தார்.

அவரோட கொள்கை ஒரே வரியில் அடங்கும். ஏழைகள் தங்கள் முயற்சியால் தாங்களே முன்னேற வேண்டும்; விஷயம் தெரிந்த ஒருவர் நெருங்கிய துணையாக நின்று ஆலோசனை சொல்ல வேண்டும். இதில் இரண்டு பாதி இருக்கு. இலவசமா கொடுத்துட்டுப் போனா முதல் பாதி இல்லை. "நீங்களே பாத்துக்கோங்க"ன்னு விட்டுட்டா இரண்டாவது பாதி இல்லை.

தேனை எடுத்துக்குங்க. முன்னாடி காட்டில், மரப்பொந்தில் இருக்கிற கூட்டை அழிச்சு, அடையைக் கையால் பிழிவாங்க. புழுவும் அழுக்கும் தேனில் கலந்துடும், சீக்கிரம் கெட்டும் போகும். தேனீயும் அந்த இடத்தை விட்டுப் போயிடும். மார்த்தாண்டத்தில் சட்டம் வெச்ச மரப்பெட்டியில் நாட்டுத் தேனீயை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தாங்க. பெட்டியில் இருந்து சட்டத்தை மட்டும் எடுத்து, கையால் சுத்துற இயந்திரத்தில் வெச்சு சுத்தினா தேன் தனியா வந்துடும். அடை உடையாது. திரும்ப அதே பெட்டியில் வெச்சா தேனீ மறுபடியும் நிரப்பும். நிலம் இல்லாதவங்க கூட வீட்டுப் புறக்கடையில் பெட்டி வைக்கலாம்.

முட்டையும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் நாலு கோழி இருக்கும், முட்டைக்கு வியாபாரி சொல்றதுதான் விலை. ஹாட்ச் நல்ல இனச் சேவல்களைக் கொண்டு வந்து நாட்டுக் கோழியோடு சேர்க்கச் சொன்னார். முட்டையைத் தரம் பிரிச்சு கூட்டாக விற்க ஒரு கூட்டுறவு அமைப்பு உண்டாச்சு. ஒரு வீட்டு முட்டைக்கு இல்லாத மதிப்பு பல வீட்டு முட்டையும் சேர்ந்தப்போ வந்துச்சு. தேனுக்கும் பின்னால் கூட்டுறவுச் சங்கம் வந்தது.

இதெல்லாம் கோடிக்கணக்கில் பணம் போட்ட திட்டம் இல்லை. அந்த ஊரில் ஏற்கெனவே இருந்ததுதான் கோழி, தேனீ, பனை எல்லாம். நம்ம ஊர்க் குடைவரையில் இருக்கிற கல்வெட்டும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் செய்ததாக மகேந்திரவர்மன் அதில் பொறிச்சு வெச்சிருக்கார். கையில் இருந்த பாறையையே அவர் கோயில் ஆக்கினார்.

ஹாட்ச் இன்னொரு நல்ல காரியமும் செஞ்சார். தனக்குத் தெரிஞ்சதைத் தன்னோட வெச்சுக்கலை. கிராம வேலை செய்ய விரும்பறவங்களுக்கு மார்த்தாண்டத்தில் பயிற்சி முகாம் நடத்தினார். பல மாகாணங்களில் இருந்தும் ஆட்கள் வந்து கத்துக்கிட்டுப் போனாங்க. தன் அனுபவத்தை 1932-ல் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதினார்.

அதே 1920-களில் வடக்கே குர்கானில் பிரேன் என்ற ஆங்கிலேய அதிகாரியும் கிராம முன்னேற்றத்துக்கு நிறைய பாடுபட்டார். ஆனால் அந்த வேலை அதிகாரியின் வேகத்தில் ஓடியது. அவர் மாறுதலாகிப் போனதும் மங்கிப் போயிடுச்சு. ஹாட்ச் 1940-ல் இந்தியாவை விட்டுப் போனார். பிறகு மெக்சிகோவிலும் கோஸ்டாரிகாவிலும் இதே வேலை செய்தார். யுனெஸ்கோ சார்பில் இலங்கைக்கும் வந்தார். அவர் போய் 80 வருஷத்துக்கு மேல் ஆகியும் மார்த்தாண்டத்தில் தேன் எடுக்கிறது நிற்கவே இல்லை. ஜனங்க கையில் தொழில் இருந்ததுதான் காரணம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

நம்ம காலம் வரைக்கும்

சுதந்திரத்துக்குப் பிறகு 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி, கிராம சேவக்குகள் ஊர் ஊராக வந்தார்கள். 1974-ல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் ஆரம்பமானது. ஆனாலும் ரொம்ப நாள் வரை பயிற்சிக்குக் கூப்பிடுவது ஆம்பளைங்களைத்தான். நாற்று நடுவதும் களை எடுப்பதும் கடலை பறிப்பதும் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதும் நாம. "விவசாயி"ன்னு கூப்பிட்டு உட்கார வெச்சது அவங்களை.

அதை மாத்த 1986-ல் டென்மார்க் நாட்டு உதவியோடு "தான்வா" என்ற திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. பெண் வேளாண் அலுவலர்கள் கிராமத்துக்கே வந்து பண்ணை மகளிருக்குப் பயிற்சி கொடுத்தாங்க. பயிற்சி எடுத்தவங்க அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லணும் என்பதுதான் ஏற்பாடு. 1989-ல் தர்மபுரியில் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. அதில் இருந்து கிளைச்சு வந்ததுதான் இன்னைக்கு நாம உட்கார்ந்திருக்கிற கூட்டமைப்பு.

சகோதரிகளே, நம்ம குழுக்கள் சேமிப்பிலும் கடனைத் திருப்பிக் கட்டுவதிலும் நல்ல பேர் வாங்கி இருக்கு. இனிமே மாதக் கூட்டத்தில் கடன் தீர்மானத்தோடு கத்துக்கிற தீர்மானமும் ஒண்ணு போடுவோம். ஆட்டுக் கடன் கொடுக்கும்போதே தடுப்பூசி எப்போன்னு கால்நடை மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதுவோம். கடலைக்கு ஜிப்சம் எத்தனாவது நாளில் போடணும், மாட்டுக்கு மடிநோய் வராம எப்படிக் கறக்கணும் என்று திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கலாம். குழுவுக்கு ஒருத்தர் போய்க் கத்துக்கிட்டு வந்து மத்தவங்களுக்குச் சொல்லட்டும். யாருக்கு எது தெரியுமோ அவங்க அதுக்கு வாத்தியார்.

அப்படிச் செஞ்சா அந்த அக்காவுக்கு நடந்த மாதிரி இன்னொருத்தருக்கு நடக்காது. அவங்க இப்போ மறுபடியும் 2 ஆடு வாங்கி இருக்காங்க. இந்தத் தடவை தடுப்பூசி முதலிலேயே போட்டாச்சு.

 

— குழு உறுப்பினர், மண்டகப்பட்டு