நெல்லுச்சோற்றின் எடை

எடைக் குறைப்பு பற்றிய பேச்சு வழக்கமாகக் கலோரியில் ஆரம்பிக்கும். கோயம்புத்தூர்க்காரனான நான் 1967-ல் ஆரம்பிக்கிறேன். அந்த ஆண்டு ஆட்சிக்கு வந்த அண்ணாதுரையின் அரசு, ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதியை முதலில் இரண்டு நகரங்களில்தான் நடைமுறைப்படுத்தியது. ஒன்று சென்னை, இன்னொன்று கோவை. செலவு தாங்காமல் திட்டம் மாநிலம் முழுக்கப் போகாமலே நின்றது. ஆனால் ஒரு படி அரிசி தேர்தல் வாக்குறுதி ஆகும் அளவுக்கு அதற்கு என்ன மதிப்பு இருந்தது என்பது, இன்று இங்கே டயட் இருக்கும் எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட கேள்வி.

கொங்கு தஞ்சாவூர் இல்லை. பவானி, நொய்யல், அமராவதிப் பாசனத்தை விட்டு விலகினால் மழையை நம்பிய காடுதான். அதில் விளைந்தது கம்பு, சோளம், ராகி, சாமை. நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும் உரியது. 1950-களில் கீழ்பவானி வாய்க்கால் வந்தது. 1960-களின் பிற்பாதியில் குட்டை நெல் ரகங்கள் வந்தன. பிறகு ரேஷன் கடை பரவியது. 2011-ல் ரேஷன் அரிசி இலவசமானது. இரண்டு தலைமுறைக்குள் விசேஷச் சோறு தினச்சோறாகிவிட்டது. அதே காலத்தில் எண்ணெயும் சர்க்கரையும் மலிந்தன, வேலை காட்டிலிருந்து நாற்காலிக்கு மாறியது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், அடுத்த கணக்கெடுப்பில் 40.4 சதவீதம்.

நான் 96 கிலோவிலிருந்து 80-க்கு வந்து நான்கு வருடமாகிறது. எடை குறைய ஆரம்பித்தபோது அதிகம் வருத்தப்பட்டவர் என் அம்மிச்சி. ராத்திரியில் நான் கம்மங்கூழ் குடிப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏஞ்சாமி, வக்கில்லாத காலத்துல நாங்க குடிச்சத நீ எதுக்குக் காசு குடுத்துக் குடிக்கறே? உனக்கென்ன சோத்துக்கா பஞ்சம்?" அதில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது. தட்டு நிறையச் சோறு என்பது அவருக்கு, பேரன்வரை காப்பாற்றிக் கொண்டுவந்த ஒரு கௌரவம். அதைக் குறைக்கச் சொல்லும் எந்த டயட் சார்ட்டும் அவர் காதில் பஞ்சத்தின் குரலாகத்தான் விழும்.

பஞ்சத்தை உடம்பும் மறப்பதில்லை. 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கூடவே சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து வாசித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் பலர் வயிறு நிறைந்த பின்பும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடும் டயட்டில் மூன்று மாதத்தில் இளைத்து ஆறு மாதத்தில் பழையபடி ஆகிறவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சிறுதானியமும் மந்திரம் இல்லை. நூறு கிராம் கம்பிலும் நூறு கிராம் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 350. கம்பில் நார்ச்சத்தும் புரதமும் அதிகம், கூழில் தண்ணீர் அதிகம், அதனால் சீக்கிரம் வயிறு நிறைகிறது. அவ்வளவுதான். கம்பு தோசையை நெய்யில் முக்கி ஆறு சாப்பிட்டால் எடை ஏறும்.

எங்கள் துறையில், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை ஒரே ராத்திரியில் முழுக்க மாற்றி எழுத யாரும் துணிவதில்லை. சின்னச் சின்ன மாற்றமாகத்தான் செய்வோம். தட்டிலும் அதையேதான் செய்தேன். சோறு பாதி, மீதி இடத்தில் கீரை, பொரியல், கொள்ளுப்பருப்பு. டீயில் சர்க்கரை அரை ஸ்பூன். ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பிரியாணி உண்டு, ஒரே பிளேட், நண்பர்களோடு உட்கார்ந்து நிதானமாக. தினமும் பெரியகுளக்கரையில் நடை. மாதம் ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஆனால் விட்டு ஓட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. எடையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களைப் பதிவு செய்ய அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். அதில் உள்ளவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் பழக்கம், வார நாளிலும் விடுமுறையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிடுவதும், தினமும் நடப்பதும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மூன்று வருடத்தில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவிலும் நடையிலும் மிதமான மாற்றம் செய்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. இத்தனைக்கும் இவர்கள் எடை பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. எடை மிஷினில் தெரியாத லாபமும் உண்டு என்பது இதன் பொருள்.

இப்போது ஊருக்குப் போனால் அம்மிச்சி பரிமாறும்போது, "சோறு போதுங்க அம்மிச்சி, கொள்ளுப்பருப்பு இன்னொரு கரண்டி" என்பேன். அவர் கடைந்ததை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவனைப் பட்டினி கிடப்பவன் என்று எந்தப் பாட்டியும் நினைக்க மாட்டார். பஞ்சத்தைப் பார்த்த வீட்டில் நிலைக்கிற டயட், பஞ்சத்தை ஞாபகப்படுத்தாத டயட்தான்.