வானத்துச் சந்தா

காசு கொடுத்து வானொலி கேட்பது நமக்குப் புதிதன்று. தபாலாபீசில் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் புதுப்பித்த வழக்கம் 1980கள் வரை இருந்தது. ஆனால், வானத்துக்கே சந்தா கட்டச் சொன்னது வேர்ல்டுஸ்பேஸ் கம்பெனிதான். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா தொடங்கியது அது. 2000 மார்ச்சில் ஏவப்பட்ட அதன் ஏஷியாஸ்டார், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தமிழ்ப் பாட்டும் பொழிந்தது. ஏ. ஆர். ரஹ்மானே விளம்பரத் தூதர்!

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அந்தச் சந்தா தகுமா? ஆன்டெனா கிழக்கு வானத்தை மறைப்பில்லாமல் பார்த்தபடி இருக்கவேண்டும். ஜன்னலோரத்தில் அசையாமல் இருந்தால் சங்கீதம் ஓடும். சாலைப் புளியமரம் ஒன்று குறுக்கிட்டால் பாடகர் பல்லவியோடு நின்றுவிடுவார். அமெரிக்காவில் ஓடும் வண்டியிலும் கேட்டதென்றால், அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்கள். நகரங்களில் தரைக் கோபுரங்கள் வேறு. இங்கே அந்த வசதி வரவேயில்லை. ஹெல்மெட்டுக்குள் இரையும் காற்றை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வண்டிக்காரருக்கு அது வீண் செலவு என்பதே என் தீர்ப்பு.

வீட்டில் கேட்டவருக்கும் நெடுநாள் வாய்க்கவில்லை. 2008 அக்டோபரில் கம்பெனி திவால் மனுப் போட்டது; 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் ஒலி நின்றது. வருஷச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவர் வீட்டு ஜன்னலில் ஆன்டெனா மட்டும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது.