ஒப்பந்தத்தில் ஒரு சொல்



பரிசளிப்பு விழா மலரில் நாட்டுப் பாதுகாப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நமக்கும் அதில் பங்குண்டு.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. காப்பாற்றுவதாகச் சொன்ன வெள்ளைக்காரர் சரணடைந்தார். பிறகு என்ன ஆச்சு? தோட்டத்து ஜனங்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. பெரியவர்களின் வாக்குப் பொய்த்தால் முதலில் அடிபடுவது ஏழைதான்.

யுத்தம் முடிந்தும் அமைதி வரவில்லை. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. நம் மலையிலும் பிரிட்டிஷ் பட்டாளம் நடமாடியது. ராணுவத்தார் பிள்ளைகளுக்கென்றே தானா ராத்தாவில் ஸ்லிம் பள்ளி 1951 முதல் 1964 வரை நடந்தது.

1956 ஜனவரியில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரம் பேச லண்டன் சென்றார். பாதுகாப்பும் அங்கே பேசப்பட்டது. பிரிட்டனுக்கு இங்கே ராணுவத் தளங்கள் வேண்டும். மலாயாவுக்குத் துணை வேண்டும். ஆனால் மீண்டும் அடிமைச் சாசனம் வேண்டாம். 1957 அக்டோபர் 12-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளியார் தாக்கினால் பிரிட்டன் உதவ வேண்டும். அந்நிய நாட்டுச் சண்டைக்கு இங்குள்ள தளங்களைப் பயன்படுத்த மலாயாவின் சம்மதம் வேண்டும். சின்ன நாடுதான், ஆனாலும் கேட்டு வாங்கியது!

1963-இல் இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து மோதலில் இறங்கியபோது அந்தத் துணை கிடைத்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைகள் போர்னியோவில் நம்மோடு நின்றன. 1966-இல் சமாதானம் ஆயிற்று.

ஆனால் 1968-இல் பிரிட்டன், படைகளைத் திருப்பி அழைக்கப்போவதாக அறிவித்தது. மறுபடி லண்டனில் பேச்சு. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் ஏற்பாடு 1971 நவம்பர் 1-இல் அமலுக்கு வந்தது. இன்றும் அது நிலைத்திருக்கிறது. அதில் உள்ள வாசகம் என்ன தெரியுமா? தாக்குதல் வந்தால் உடனே கூடிக் கலந்தாலோசிப்பது!

"கூப்பிட்டா வந்து நிக்கிறேன்" என்பது வேறு. "கூப்பிடு, பேசுவோம்" என்பது வேறு அல்லவா? அந்த ஒரு சொல் மாறியதால் நம் நாடு தன் சொந்தப் படையைப் பலப்படுத்த வேண்டியதாயிற்று.

மாணவர்களே! நம் பாட்டன்மார் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். நீங்கள் ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அதற்குத்தான் இந்தப் பள்ளி. அதற்குத்தான் இந்தப் பரிசு.